ஜூலைக்குள் கைக்கு வராத உதவித்தொகை

கோத்தகிரியில் ஒரு கட்டடப் பொறியாளர் சங்கக் கிளையின் புதுச் செயலாளர் கேட்டிருக்கிறார். உறுப்பினர்கள் 62 பேர். டிப்ளமோவும் பொறியியலும் படிக்கப் போகும் வசதி இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு கல்வி உதவி நிதி தொடங்க ஆசை. பணம் எப்படித் திரட்டுவது, தனி டிரஸ்ட் பதிய வேண்டுமா, 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு தரும் பதிவு) இல்லாவிட்டால் யாராவது கொடுப்பார்களா, செப்டம்பர் 15 பொறியாளர் தினத்தன்று பெரிய விழாவாக வைத்துத் தொடங்கலாமா என்று நான்கு கேள்விகள்.

குன்னூரில் இதே மாதிரி ஒரு கிளைக்கு ஒன்பது வருஷம் பொருளாளராக இருந்தவன் நான். கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். செப்டம்பர் விழா வேண்டாம். அன்று பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா பிறந்த நாள், கொண்டாடுங்கள், படத்துக்கு மாலை போடுங்கள், தொழிலில் மூத்தவர்களுக்குச் சால்வை போடுங்கள். உதவித்தொகையை மட்டும் அந்த மேடைக்குக் கொண்டுவராதீர்கள்.

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. அதன் பிறகு கலந்தாய்வு, சேர்க்கை, ஹாஸ்டல். ஒரு குடும்பத்துக்குப் பணம் நெருக்குவது ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும்தான். நாங்கள் முதல் மூன்று வருஷம் பொறியாளர் தினத்தன்றுதான் கொடுத்தோம். மூன்றாம் வருஷம் கட்டபெட்டுப் பக்கம் எஸ்டேட் லைனிலிருந்து ஒரு பெண். கீழே கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் சீட் கிடைத்திருந்தது. மேடையில் 10,000 ரூபாய்க்கு அட்டையில் எழுதிய பெரிய செக், போட்டோ, கைதட்டல். விழா முடிந்து காபி குடிக்கும்போது, "என்னம்மா வாங்கப் போறே" என்று கேட்டேன். "அம்மா கம்மலை மீட்கணும் சார்" என்றாள். மெஸ் முன்பணம் 9,000 ஜூலை முதல் வாரத்திலேயே கட்ட வேண்டியிருந்திருக்கிறது. கம்மல் அடகுக்கடைக்குப் போயிருக்கிறது. இரண்டு மாத வட்டி போக எங்கள் உதவித்தொகையில் அவளுக்கு மிஞ்சியது அறுநூறு ரூபாய் சொச்சம்.

அடுத்த வருஷம் காலண்டரையே திருப்பிப் போட்டோம். ஜனவரி முதல் மார்ச் வரை வசூல். ஏப்ரலில் அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கு அறிவிப்பு. ரிசல்ட் வந்த இரண்டு வாரத்துக்குள் விண்ணப்பம். சேர்க்கைக் கடிதம் கையில் வந்ததும் மூன்று நாளில் பணம். இதில் நம் ஊர்க் கணக்கு ஒன்றும் பொருந்திப் போகிறது. மலையில் கட்டுமான வேலை ஓடுவது மழை இல்லாத மாதங்களில்தான். டிசம்பர் முதல் மே வரை நம் ஆட்கள் கையில் காசு புழங்கும். ஜூனில் தென்மேற்கு மழை கூடலூர், ஊட்டிப் பக்கம் பிடித்துக்கொள்ளும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை குன்னூரையும் கோத்தகிரியையும் நனைத்து ரோட்டில் மண்ணைச் சரித்துவிடும். அந்த நேரத்தில் ஒரு பொறியாளரிடம் நன்கொடை கேட்டால், வரவேண்டிய பில்லே வரவில்லை என்று அவர் உங்களிடம் புலம்புவார். ஏப்ரல், மே சுற்றுலா சீசனில் விழா வைக்கலாம் என்றால் ஹால் கிடைக்காது, வண்டி கிடைக்காது. கீழிருந்து விருந்தினரை அழைத்தால் அவர் வண்டிக்கு நீலகிரி இ-பாஸ் எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் பர்லியாரிலிருந்து ஊர்ந்து வர வேண்டும்.

சரி, பணம். பலரும் முதலில் நினைப்பது, ஒரு பெரிய வைப்பு நிதி சேர்த்து அதன் வட்டியில் காலாகாலத்துக்கும் கொடுப்பது. கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லட்சம் சேர்த்து 7 சதவீத வட்டி கிடைத்தால் வருஷத்துக்கு 70,000. தலைக்கு 15,000 என்றால் நாலு பேருக்குக் கொடுத்து பத்தாயிரத்தைத் திரும்பப் போடலாம். அவ்வளவுதான். அந்தப் பத்து லட்சத்தைச் சேர்க்க நாலு வருஷம் ஆகும். அந்த நாலு வருஷமும் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் போகாது. சேர்ந்த தொகையைப் பார்த்து, சங்கக் கட்டடத்துக்கு எடுத்தால் என்ன என்று ஒருவர் பொதுக்குழுவில் எழுந்து கேட்பார். கட்டாயம் கேட்பார்.

62 பேரில் 50 பேர் மாதம் 200 ரூபாய் கொடுத்தால் வருஷத்துக்கு 1,20,000. எட்டுப் பிள்ளைகளுக்கு ஆயிற்று, அதுவும் முதல் வருஷமே. இதே தொகை வட்டியில் வர வேண்டுமென்றால் 17 லட்சம் முதல் வேண்டும். அதனால் மாதப் பிடித்தத்தை நிதியின் முதுகெலும்பாக வையுங்கள். நேரில் போய் வசூலிப்பது ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது. ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சைட் சைட்டாகப் போவேன். ஜூலை மாதப் பனிமூட்டத்தில் கார்பன் தாள் நமுத்துப்போய் அடிக்கட்டையில் எண்ணே விழாது. இப்போது யூபிஐ ஆட்டோபே இருக்கிறது, வங்கியில் நிலையான பிடித்த உத்தரவு இருக்கிறது. ஒரு கூட்டத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, அங்கேயே அவரவர் போனில் போட வையுங்கள். வீட்டுக்குப் போய்ப் போடுகிறேன் என்பவர்களில் பாதிப் பேர் போட மாட்டார்கள். கெட்ட எண்ணம் கிடையாது, மறந்துவிடுவார்கள்.

ஒன்று மட்டும் கவனம். பணம் பொருளாளரின் சொந்த ஜீபே எண்ணுக்கு வரக் கூடாது. எனக்கு முன்னால் ஒரு கிளையில் அப்படித்தான் நடந்தது, நல்ல மனுஷர், பைசா சுத்தம். திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். அவர் கணக்கில் சங்கப் பணம் எது, வீட்டுப் பணம் எது என்று துக்க வீட்டில் போய்ப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் ஏறக்குறைய 40,000 ரூபாயை அப்படியே விட்டுவிட்டார்கள். சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கு, மூன்று பேரில் இருவர் கையெழுத்து, அந்தக் கணக்கில் உதவித்தொகைப் பணம் தவிர வேறொன்றும் வரவும் கூடாது, போகவும் கூடாது.

மாதப் பிடித்தத்துக்கு மேல் என்ன செய்யலாம்? இன்னிசை நிகழ்ச்சியும் விருந்தும் வைத்து டிக்கெட் விற்பது பழைய வழி. நாங்களும் செய்தோம். 300 ரூபாய் டிக்கெட் 180 போயிற்று, 54,000. ஹால், மைக் செட், ஆர்கெஸ்ட்ரா, சாப்பாடு எல்லாம் 41,000. இரண்டு மாத அலைச்சலுக்கு மிச்சம் 13,000. பிள்ளைகுட்டிகளோடு எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், அதைக் குறை சொல்லவில்லை. நிதி திரட்டும் வழியாக அதைக் கணக்கில் வைக்காதீர்கள் என்கிறேன்.

அதே வருஷம் ஒரு சனிக்கிழமை, அதிகச் செலவில்லாமல், மண் சரியாமல் பிடித்து நிற்கும் தாங்குசுவர் பற்றி ஒரு நாள் வகுப்பு நடத்தினோம். நீலகிரியில் 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் என்ன அழுத்தம் வரும், நீர்க்கசிவுத் துளைகளை எவ்வளவு இடைவெளியில் விட வேண்டும், அதற்குப் பின்னால் ஜல்லி வடிகட்டி இல்லாமல் துளை மட்டும் விட்டால் ஏன் இரண்டே மழையில் அடைத்துக்கொள்ளும் என்று ஓய்வுபெற்ற ஒரு மூத்த பொறியாளர் கரும்பலகையில் வரைந்து காட்டினார். மதியம் பக்கத்திலேயே விழுந்து கிடந்த ஒரு சுவரைக் கூட்டிப்போய்க் காட்டினார். 600 ரூபாய் கட்டணம், 40 பேர். மதியச் சாப்பாடும் டீ வர்க்கியும் சேர்த்து 6,000 செலவு. மிச்சம் 18,000. வந்தவர்களில் பத்துப் பேர் எங்கள் உறுப்பினர்களே இல்லை, மேஸ்திரிகள், சின்ன கான்ட்ராக்டர்கள். ஒரு தொழில்முறைச் சங்கத்திடம் மற்றவர்களிடம் இல்லாத சரக்கு அதன் தொழிலறிவுதான். அதை விற்காமல் ஏன் சாம்பார் சாதம் விற்க வேண்டும்? வருஷத்துக்கு இப்படி மூன்று வகுப்பு வையுங்கள்.

ஆண்டு மலர் விளம்பரம் தாராளமாக வாங்கலாம். ஆனால் விளம்பரம் வேறு, நன்கொடை வேறு. பின் அட்டைக்குப் பணம் கொடுத்த கடைக்காரருக்கு விளம்பர பில் கொடுங்கள், நன்கொடை ரசீது கொடுக்காதீர்கள். அவர் அதை வியாபாரச் செலவாகக் காட்டிக்கொள்வார், அவருக்கும் அதுதான் லாபம். அப்புறம், சிமெண்ட், கம்பி, டைல்ஸ் வியாபாரிகள் விஷயம். உதவித்தொகைக்குத் தங்கள் கம்பெனிப் பெயர் வைக்கச் சொல்லி வருவார்கள். நாளைக்கு நாம்தான் வீடு கட்டுபவரிடம் எந்தக் கம்பி வாங்கலாம் என்று சொல்லப் போகிறோம். ஒரு கம்பெனியின் பணம் வருஷ வரவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, உதவித்தொகைக்கு வியாபாரப் பெயர் கிடையாது என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்தோம். அப்போது இரண்டு பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். இப்போது அவர்களே அந்த விதியைப் படித்துக் காட்டுகிறார்கள்.

குலுக்கல் சீட்டு பக்கமே போகாதீர்கள். பத்து ரூபாய் கூப்பன், முதல் பரிசு மிக்ஸி என்று யாராவது ஆரம்பிப்பார்கள். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்து லாட்டரிக்குத் தடை. நல்ல காரியத்துக்காக என்று கூப்பனில் அச்சடிப்பதால் சட்டம் விலகி நிற்காது.

வெளிநாட்டுப் பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் ஊரில் அது வந்தே தீரும். துபாயில் வேலை பார்க்கும் நம் பையன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறான், தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புகிறான் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, தாராளமாக வாங்கலாம், பாஸ்போர்ட் நகலை ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சீனியர் அனுப்பினால், அவரிடம் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. அதை வாங்க 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி எஃப்சிஆர்ஏ பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். ஒரு மலைக்கிளைக்கு அது தலைக்கு மேல் பாரம். 'ஊரில் இருக்கும் அண்ணன் கணக்குக்கு அனுப்புகிறேன், அவர் கொடுக்கட்டும்' என்பார். அதுவும் வேண்டாம். வந்து ஒரு வகுப்பு எடுங்கள் சார் என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

இனி டிரஸ்ட், 80ஜி. முதலில் உங்கள் கிளை சட்டப்படி என்ன என்று பாருங்கள். பெரும்பாலான கிளைகளுக்குத் தனிப் பதிவே இருக்காது, மாநிலச் சங்கத்தின் பதிவு எண்ணையும் பான் எண்ணையும் லெட்டர்பேடில் போட்டுக்கொண்டு ஓட்டிக்கொண்டிருப்போம். அப்படியென்றால் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் சட்டப்படி அவர்களுடைய வரவு. மாநிலச் சங்கத்துக்கு 80ஜி இருந்தால், அவர்கள் கணக்குக்குள்ளேயே உங்கள் கிளைக்கென்று தனித் தலைப்பில் நிதி ஒதுக்கச் சொல்லித் தீர்மானம் வாங்குவது மலிவான வழி. ஆனால் ஜூலையில் பணம் வேண்டும் என்றால் சென்னையிலிருந்து கையெழுத்து வர வேண்டும், அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் பதிவதென்றால் இரண்டு வழி. குறைந்தது ஏழு பேர் சேர்ந்து 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம், அல்லது அறக்கட்டளைப் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். உதவித்தொகைக்கு என் ஓட்டு அறக்கட்டளைக்கு. வருஷா வருஷம் நிர்வாகிகள் தேர்தல், கோஷ்டிச் சண்டை எல்லாம் பிள்ளைகளின் பணத்தைத் தொடாமல் இருக்கும்.

ஆனால் அவசரப்படாதீர்கள். 80ஜி இல்லாமல் யார் கொடுப்பார்கள் என்று கேட்டீர்களே, உங்கள் 62 பேரில் எத்தனை பேர் பழைய வரி முறையில் இருக்கிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் கையைத் தூக்கச் சொல்லுங்கள். புதிய முறையில் 80ஜி கழிவே கிடையாது. 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு அந்த முறையில் வரியும் இல்லை. எங்கள் கூட்டத்தில் தூக்கியது நாலு கை. அந்த நாலு பேருக்கும் கொடுத்ததில் பாதிதான் கழிவு, அதற்கும் வருமானத்தில் பத்து சதவீதம் என்ற உச்சவரம்பு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. மாதம் 200 ரூபாய் கொடுக்கும் உறுப்பினர் வரிக்காகக் கொடுப்பதில்லை.

வெளியார் பணம் லட்சக்கணக்கில் வரத் தொடங்கும்போது கதை வேறு. அறக்கட்டளைக்கு வரும் நன்கொடையே வருமானமாகக் கணக்காகும், வருமான வரித் துறையின் 12ஏ பதிவு இருந்தால்தான் விலக்கு. அப்போது 12ஏ, 80ஜி இரண்டுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, பேச்சில் இன்னும் 12ஏ, 80ஜிதான். பதிவு வாங்கிவிட்டால் வருஷ வரவில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும், நன்கொடையாளர் பட்டியலை வருஷா வருஷம் துறைக்குத் தாக்கல் செய்து அவரவருக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், ஆடிட் செலவு இருக்கிறது. வைப்பு நிதிக்கென்று ஒருவர் கொடுத்தால் 'இது மூலதன நிதிக்கு' என்று அவர் கையால் எழுதி வாங்குங்கள், வாய்ச்சொல் செல்லாது. அம்மா பெயரில் இரண்டு லட்சம் போட்டு, என்றென்றும் வருஷம் 14,000 கொடுங்கள் என்பவரிடம் 'அந்தந்த ஆண்டு கிடைக்கும் வட்டிக்கு உட்பட்டு' என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வட்டி இறங்கும்போது அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

பத்திரம் எழுதும்போது இன்னொரு கண்ணி. உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதிவிட்டால் அது பொது அறம் ஆகாது, நமக்கு நாமே கொடுத்துக்கொள்வது. வரி விலக்கு சிக்கலாகும். ஒரு சாதிக்கு, ஒரு மதத்தினருக்கு மட்டும் என்று நன்கொடையாளர் நிபந்தனை போட்டாலும் 80ஜி கிடைக்காது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகளுக்கு என்றால் விலக்கு உண்டு. பத்தாவதில் 400 மார்க் எடுத்த உறுப்பினர் பிள்ளைக்குப் பேனாவும் ஆயிரம் ரூபாயும் கொடுக்கும் வழக்கம் உங்கள் கிளையிலும் இருக்கும். அதைச் சந்தாப் பணத்தில் நடத்துங்கள். இந்த நிதியோடு கலக்காதீர்கள். அறங்காவலரின் அக்கா மகனுக்கு இந்த நிதியிலிருந்து கொடுக்கவே கூடாது, அவன் எவ்வளவு ஏழையாக இருந்தாலும். அவனுக்கு நாலு பேர் கையிலிருந்து போட்டுக் கொடுங்கள்.

யாருக்கு, எதற்கு என்பதில்தான் எங்களுக்கு அதிகம் பாடம் கிடைத்தது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்த பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. பழங்குடிப் பிள்ளைகளுக்கு மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை இருக்கிறது. நாம் போய் மறுபடியும் கல்விக் கட்டணத்தைக் கட்டுவதில் அர்த்தமில்லை. இதெல்லாம் போக என்ன இடிக்கிறது என்று கேளுங்கள். முதல் மாத மெஸ் முன்பணம், லேப்டாப், டிராயிங் சாமான், கூடலூரிலிருந்து ஊட்டிக்குத் தினம் போய்வரும் பஸ் செலவு, அரசுப் பணம் வந்து சேரும்வரை கையிலிருந்து கட்ட வேண்டியது. இது தெரிந்த பிறகு எங்கள் 15,000 முன்பு செய்ததைப் போல இரண்டு மடங்கு வேலை செய்தது. விண்ணப்பிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்தத் திட்டங்களில் ஏதாவது ஒன்று தெரிந்திருக்காது. இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய்ச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்ததிலேயே சில வருஷம் எங்கள் நிதியைவிடப் பெரிய தொகை பிள்ளைகளுக்குப் போயிருக்கிறது.

விண்ணப்பம் ஒரு பக்கம், தமிழில். இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், அதில் ஒருவர் சங்கத்துக்கு வெளியில் இருப்பவர். நாங்கள் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியையை வைத்திருந்தோம். வாசலில் நிற்கும் பைக்கைப் பார்த்து வசதி என்று நாங்கள் முடிவு கட்டிய ஒரு வீட்டில், அந்தப் பைக் பச்சைத் தேயிலை விலை நன்றாக இருந்த வருஷம் கடனில் எடுத்தது, தவணை இன்னும் முடியவில்லை என்று விசாரித்துச் சொன்னவர் அவர்தான்.

பணம் மாணவரின் சொந்தக் கணக்குக்குப் போகட்டும். இரண்டு தவணையாகப் பிரித்தால் இரண்டாவதை மார்க்கோடு கட்டாதீர்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் வைப்பது சகஜம், பணம் நின்றால் படிப்பையும் நிறுத்திவிடும். கல்லூரியில் தொடர்கிறார் என்ற சான்று போதும்.

நீங்கள் அடுத்த செயற்குழுவில் வைக்க ஒரு தீர்மானம், எங்கள் மினிட்ஸ் புத்தகத்தில் இருப்பது போலவே: 'கிளையின் பெயரில் கல்வி உதவி நிதிக்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்குவது, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையொப்பமிடுவது, இக்கணக்கின் பணத்தை வேறு எக்காரணத்துக்கும் கடனாகக்கூட எடுப்பதில்லை, ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 31க்குள் உதவித்தொகையை (தவணையாகப் பிரித்தால் முதல் தவணையை) வழங்கி முடிப்பது.' மாநிலச் சங்கத்தின் ஒப்புதல் கடிதத்தோடு இதன் நகலை வங்கிக்கு எடுத்துப் போங்கள், மூன்று பிரதி. ஒன்றை மேனேஜர் வாங்கிக்கொள்வார், ஒன்று கோயம்புத்தூர் மேல் அலுவலகத்துக்குப் போகிறது என்பார்கள், அது போனால் வராது.